பற்றாக்குறையும் பிணியும்: ஐக்கிய அமெரிக்காவின் மெடிக்கெயிட் திட்டம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1

ஐக்கிய அமெரிக்காவில் வறியோரின் மருத்துவச் செலவை அரசு ஏற்கும் மெடிக்கெயிட் திட்டம் 1965ஆம் ஆண்டு யூலை 30ஆம் நாள் சட்டமாயிற்று. அத்திட்டம் பற்றி வெளிவந்துள்ள ஆய்வுகள் மிகப் பல. அவற்றுட் பெரும்பாலானவை நிருவாகவியலாளராலும் பொருளியலாளராலும் எழுதப்பட்டவை. இலக்கிய ஆய்வையே தொழிலாகக் கொண்ட நாம் இதனுட் புகுவது சிலருக்கு வியப்பளிக்கக்கூடும். ஆயின் சொற்கள் எவ்வாறு சமூக உறவுகளை மறைக்கின்றன என்பதை ஆராய்தல் நமது துறைக்குப் புறம்பானதன்று. ‘பற்றாக்குறை’ அத்தகைய சொல். வரட்சி வந்தது, வெள்ளம் வந்தது என்பது போலப் பற்றாக்குறை வந்தது என்று ஆட்சியாளர் கூறுவர். வந்தது என்னும் வினைக்கு எழுவாய் மனிதரல்லர் என்பதுபோல் அவ்வாக்கியம் அமைந்துவிடுகின்றது. அமெரிக்க மாநிலங்களின் பற்றாக்குறைகள் எவ்வாறு தோன்றின, அவை நோயாளரின் உடலை எவ்வழியிற் சென்றடைந்தன என்பனவே இக்கட்டுரையில் நோக்கப்படுகின்றன.

நமது வாசகர் இலவச வைத்தியசாலைக்குப் பழகியவர். வாயிலில் நிற்பவரிடம் வருமானச் சான்றிதழ் கேட்கப்படுவதில்லை என்பது நமக்கு இயல்பான நடைமுறை. மெடிக்கெயிட் அத்தகையதன்று. அது வைத்தியசாலைகளை நடத்தும் திட்டமன்று. தகுதியுடையோர் எனத் தெரிந்தெடுக்கப்பட்டவர்களுக்காகத் தனியார் மருத்துவர்க்கும் வைத்தியசாலைகளுக்கும் பணம் செலுத்தும் திட்டம். யார் தகுதியுடையோர் என்பதை ஒவ்வொரு மாநிலமும் சமஷ்டி அரசின் விதிகளுக்குட்பட்டுத் தீர்மானிக்கும். ஆகவே பணம் குறையும்போது வைத்தியசாலையை மூடாமலே, ‘தகுதி’ என்ற சொல்லின் பொருளை மாற்றிச் செலவைக் குறைத்துவிடலாம். இவ்வேறுபாட்டை முதலில் மனங்கொள்ளுதல் வேண்டும்.

2

தகுதியுடைய வறியவர், தகுதியற்ற வறியவர் என்ற பாகுபாடு 1601ஆம் ஆண்டின் ஆங்கிலேய வறியோர் சட்டத்திலிருந்து குடியேற்றவாசிகளுடன் அத்திலாந்திக்கைக் கடந்து சென்றது. வறியோரைப் பேணுதல் ஊரின் கடன், ஊரின் வரி, ஊரின் கண்காணிப்பு என்பதே அதன் சாரம். இம்மரபு அமெரிக்காவில் ஏறத்தாழ 1930கள் வரை குலையாது நிலவியது. 1935ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் மருத்துவக் காப்புறுதியையும் சேர்ப்பதா என்ற கேள்வி எழுந்தபோது ரூஸ்வெல்ற் அரசாங்கம் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் எதிர்ப்பை அஞ்சி அதனைக் கைவிட்டது. அதே சட்டத்தின் முதியோர் காப்புறுதியிலிருந்து விவசாயக் கூலிகளும் வீட்டு வேலையாளரும் விலக்கப்பட்டனர். அக்காலக் கறுப்பின உழைப்பாளரிற் பெரும்பாலானோர் இவ்விரு தொழில்களிலேயே இருந்தனர்.

ட்ரூமன் முன்வைத்த தேசிய மருத்துவக் காப்புறுதியும் 1940களின் இறுதியில் தோற்கடிக்கப்பட்டது. எதிர்ப்பின் மொழி பற்றி ஒன்றைக் கூறவேண்டும். 1961இல் மருத்துவச் சங்கம் ஓர் இசைத்தட்டு வெளியிட்டது. அதிற் பாட்டு எதுவுமில்லை. றொனால்ட் றேகன் என்ற நடிகர் ‘சமூகமயப்பட்ட மருத்துவம்’ நாட்டின் சுதந்திரத்தை எவ்வாறு அழிக்கும் என்று பேசியிருந்தார். மருத்துவர்களின் மனைவியர் அயலவரைக் கோப்பி அருந்த அழைத்து அவ்விசைத்தட்டைக் கேட்கச் செய்தனர். வாய்மொழிப் பிரசாரத்துக்குச் சாதனங்கள் எவ்வாறு பயன்பட்டன என்பதை ஆராய்வோருக்கு இது நல்ல சான்று. அந்நடிகர் பின்னர் கலிபோர்ணியாவின் ஆளுநராகவும் அதன்பின் சனாதிபதியாகவும் இவ்வரலாற்றினுள் மீண்டும் இருமுறை நுழைவார்.

1965இல் நடந்தது ஒரு சமரசம். முதியோர் அனைவருக்கும், வருமானம் பாராது, மெடிக்கெயார். அது முற்றிலும் சமஷ்டி அரசின் பொறுப்பு. வறியோருக்கு மெடிக்கெயிட், அது சமஷ்டி அரசும் மாநிலங்களும் பங்கிட்டுக்கொள்ளும் பொறுப்பு. 1960ஆம் ஆண்டின் கெர் - மில்ஸ் சட்டம் வறிய முதியோருக்கு ஏற்கெனவே வகுத்திருந்த வழியை விரிவாக்கியே இரண்டாவது அமைக்கப்பட்டது. சட்டத்தை வடிவமைத்த வில்பர் மில்ஸ், மெடிக்கெயிட்டைச் சேர்த்துக்கொண்டதன் மூலம் மெடிக்கெயார் அனைவருக்கும் விரிவடையாது தடுக்கலாமென எதிர்பார்த்தார். முதியோர் திட்டம் உரிமையாகவும் வறியோர் திட்டம் நிவாரணமாகவும் ஒரே நாளில், ஒரே கையொப்பத்தின் கீழ்ப் பிறந்தன. அன்றிலிருந்து எந்தப் பொருளாதார நெருக்கடியிலும் முதலாவதன் பயனாளர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டதில்லை. இரண்டாவதன் பயனாளர் பலமுறை நீக்கப்பட்டனர்.

3

இனிப் பணம் பங்கிடப்படும் முறையை நோக்குவோம். வாசகர் சற்றுப் பொறுமையுடன் இதனைத் தொடர வேண்டும். ஏனெனில் பின்னர் நிகழ்ந்தவை யாவும் இக்கணக்கினுள் அடங்கியுள்ளன.

ஒவ்வொரு மாநிலத்தினதும் ஆள்வீத வருமானத்தை நாட்டின் ஆள்வீத வருமானத்துடன் ஒப்பிட்டு, அவ்விகிதத்தின் வர்க்கத்தைக் கொண்டு சமஷ்டிப் பங்கு கணிக்கப்படுகின்றது. சராசரி வருமானமுடைய மாநிலம் 55 வீதம் பெறும். சட்டப்படி எந்த மாநிலத்துக்கும் 50 வீதத்துக்குக் குறையாது. 83 வீதத்துக்கு மேற்படாது. செல்வம் மிக்க நியூயோர்க்கும் கலிபோர்ணியாவும் 50 வீதத்தையே பெறுவன. மிசிசிப்பி போன்ற வறிய மாநிலம் முக்காற் பங்குக்கு மேற் பெறும். நியூயோர்க் தனது பணத்தில் ஒரு டொலரை மீதப்படுத்த வேண்டுமாயின் இரண்டு டொலர் பெறுமதியான மருத்துவத்தை வெட்டவேண்டும். 75 வீதம் பெறும் மாநிலமோ நான்கு டொலர் பெறுமதியான மருத்துவத்தை வெட்டவேண்டும். வறிய மாநிலத்தில் வெட்டின் வடு ஆழமானது என்பது கணக்கிலேயே எழுதப்பட்டிருக்கின்றது.

இக்கணக்கில் இன்னொரு குறையுமுண்டு. வருமானம் மூன்றாண்டுச் சராசரியாக, அதுவும் பல ஆண்டுகள் பிந்தியே, எடுத்துக்கொள்ளப்படுகின்றது. பெருமந்தம் உச்சத்திலிருந்த 2009ஆம் நிதியாண்டுக்குரிய பங்கு 2004, 2005, 2006ஆம் ஆண்டுகளின் வருமானத்தைக் கொண்டு கணிக்கப்பட்டது. அதாவது வீடுகளின் விலை ஏறிச்சென்ற செழிப்பின் கணக்கைக் காட்டி, வீடிழந்தோரின் மருத்துவத்துக்கு உதவி அளக்கப்பட்டது.

மறுபுறத்தில் மாநிலங்கள் சமஷ்டி அரசைப் போலக் கடன்பட்டு அன்றாடச் செலவை நடத்த முடியாதவை. வேர்மொண்ட் தவிர்ந்த எல்லா மாநிலங்களிலும் வரவும் செலவும் சமப்பட வேண்டுமென்ற விதி ஏதோவொரு வடிவில் உண்டு. இவ்விதியை நல்லொழுக்கத்தின் வெளிப்பாடாகப் பாடநூல்கள் போற்றுகின்றன. அதன் வரலாறோ வேறு. 1837ஆம் ஆண்டின் நிதி நெருக்கடிக்குப் பின், கால்வாய்களுக்காகவும் புகையிரதப் பாதைகளுக்காகவும் வங்கிகளுக்காகவும் கடன்பட்டிருந்த எட்டு மாநிலங்களும் புளோரிடா ஆள்புலமும் 1840களின் தொடக்கத்திற் கடனைச் செலுத்தத் தவறின. கடன் கொடுத்தோருட் பலர் இலண்டன் முதலீட்டாளர். இயற்கையின் கவிஞர் எனப் பாடசாலைகளில் நாம் கற்பிக்கும் வேர்ட்ஸ்வேர்த் பென்சில்வேனியா மக்களைக் கண்டித்து ஒரு சொனற்றே எழுதினார். அவருடைய குடும்பத்தினரும் நண்பர்களும் அம்மாநிலக் கடன் முறிகளில் முதலிட்டிருந்தனர். அவரது கவித்துவத்தை நாம் இதனால் மறுக்கவில்லை. அந்நெருக்கடியின் பின்னரே மாநில அரசியலமைப்புகளிற் கடன் வரையறைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுதப்பட்டன. கடன் கொடுத்தோரின் நம்பிக்கையை மீட்டெடுப்பதற்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் உருவான கட்டுப்பாடு இருபதாம் நூற்றாண்டிற் பிணியாளர் மீது இறங்கியது. 1933இல் ஆர்க்கன்சோ தவறியதன் பின் எந்த மாநிலமும் தனது பொதுக் கடன் முறிகளிற் தவறியதில்லை என்பதையும் இங்கு இணைத்து நோக்கவேண்டும். வட்டி தவறவில்லை. மருந்து தவறியது.

வேலையின்மை ஏறும்போது இவ்விரு விதிகளும் கத்தரிக்கோலின் இரு அலகுகளாகின்றன. 2008இல் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி நாட்டின் வேலையின்மை 1 வீதத்தால் உயரின் ஏறத்தாழப் பத்து இலட்சம் பேர் மெடிக்கெயிட்டையும் அதனோடொத்த சிறுவர் திட்டத்தையும் புதிதாக நாடுவர். அதேவேளை மாநிலங்களின் வருவாய் 3 முதல் 4 வீதம் வரை குறையும். நாடுவோர் பெருகும் ஆண்டிலேயே பணம் அருகுகின்றது. இது நிருவாகத் தவறன்று, திட்டத்தின் அமைப்பு.

4

இவ்வமைப்பு எவ்வாறு இயங்கிற்று என்பதற்குச் சில நிகழ்வுகளை எடுத்துக்கொள்வோம்.

நியூயோர்க்கில் 1966இல் ஆளுநர் ரொக்பெல்லர் நால்வர் கொண்ட குடும்பமொன்று 6000 டொலர் வருமானம் வரை தகுதிபெறும் எனச் சட்டமியற்றினார். தொழிலாள வர்க்கத்தின் கணிசமான பகுதி இதனுள் அடங்கியது. திட்டம் வறியோர் நிவாரணம் என்ற எல்லையைத் தாண்டும் வாய்ப்பு அப்போது ஒரு கணம் தோன்றி மறைந்தது. அடுத்த ஆண்டே காங்கிரஸ் விழித்துக்கொண்டது. 1967ஆம் ஆண்டின் திருத்தம் வருமான எல்லையை, அம்மாநிலம் நிவாரணக் குடும்பங்களுக்குக் கொடுக்கும் பணத்தின் நூற்றுக்கு நூற்று முப்பத்துமூன்றேகால் பங்குக்குச் சற்று மேலாக, அதாவது ஒன்றேமூன்றிலொரு மடங்காக, மட்டுப்படுத்தியது. உழைப்பவர் வெளியே, உழைக்க இயலாதவர் உள்ளே. பின்னர் வந்த பல தசாப்தங்களில் வெள்ளைத் தொழிலாளி இதனைத் தன்னுடைய திட்டமாகக் கருதாமைக்கும், ‘பிறருக்கு’ வழங்கப்படும் தருமமாகக் கருதியமைக்கும் இத்திருத்தம் ஒரு காரணமெனலாம்.

அதே மாநிலத்தில் 1975ஆம் ஆண்டு நியூயோர்க் நகரம் வங்குரோத்தின் விளிம்பை அடைந்தது. அங்கு சமஷ்டிப் பங்கு நீங்கிய பாதியை மாநிலமும் உள்ளூராட்சியும் பிரித்துக்கொள்ளும் வழக்கம் இருந்தமையால் நகரம் மெடிக்கெயிட் செலவின் காற்பங்கைத் தானே சுமந்தது. வங்கிகள் மேற்கொண்டு கடன் கொடுக்க மறுத்தன. நகரத்தின் நிதி ஓர் அவசர நிதிக் கட்டுப்பாட்டுச் சபையிடம் ஒப்படைக்கப்பட்டது. அதிலே தேர்ந்தெடுக்கப்பட்டோருடன் வணிக நிறுவனத் தலைவர்களும் அமர்ந்தனர். வெட்டுகள் தொடர்ந்தன. 1980இல் ஹார்லெமிலிருந்த சிடென்ஹாம் வைத்தியசாலையை மூடுவதென மேயர் கொச் முடிவு செய்தபோது மக்கள் அதனுட் புகுந்து பல நாள்கள் தங்கியிருந்தனர். கறுப்பின மருத்துவரை வெள்ளையருடன் சமமாக ஏற்றுக்கொண்ட வைத்தியசாலைகளுள் அது முன்னோடி. அது மூடப்பட்டது. தாம் செய்தது தவறென்று கொச் பின்னாளில் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டதால் அது திறக்கப்படவில்லை.

கலிபோர்ணியாவில் ஆளுநர் றேகன் 1967இலேயே வெட்டத் தொடங்கினார். மாநில உயர் நீதிமன்றம் குறுக்கிட்டது. 1972இல் சிறிது வருமானமுள்ள பயனாளர் ஒவ்வொரு மாதமும் முதல் இருமுறை மருத்துவரைக் காண்பதற்கு ஒரு டொலர் வீதம் செலுத்தவேண்டுமென ஒரு பரீட்சார்த்தம் நடந்தது. மில்ரன் றோமரும் அவரது சகாக்களும் 1975இல் வெளியிட்ட ஆய்வு, அவர்கள் மருத்துவரிடம் செல்வது குறைந்ததையும் பின்னர் வைத்தியசாலையில் அனுமதிக்கப்படுவது கூடியதையும் காட்டிற்று. வெளிநோயாளர் பிரிவில் மீதமான பணம் விடுதியிற் செலவாயிற்று.

1978இற் கலிபோர்ணிய வாக்காளர் ஆதன வரியை மட்டுப்படுத்தும் பதின்மூன்றாம் பிரேரணையை நிறைவேற்றினர். வீட்டுடைமையாளரின் கிளர்ச்சி எனப் பத்திரிகைகள் அதனைப் புகழ்ந்தன. பெரும் வணிக ஆதனங்களும் அதன் பயனைப் பெற்றன என்பதைக் குறைவாகவே எழுதின. 1981இற் சனாதிபதி றேகனின் முதலாவது வரவு செலவுத்திட்டத்தின் வழியே சமஷ்டிப் பங்கு 1982இல் 3 வீதமும் 1983இல் 4 வீதமும் 1984இல் 4.5 வீதமும் குறைக்கப்பட்டது. இவ்விரண்டும் சந்தித்த இடத்திலே, 1982இற் கலிபோர்ணியா சுமார் 2,70,000 வறிய வயதுவந்தோரைத் தனது திட்டத்திலிருந்து நீக்கி மாவட்டங்களிடம் ஒப்படைத்தது. அவர்களுக்கென மாவட்டங்களுக்குக் கொடுக்கப்பட்டது, மாநிலம் செலவிட்டிருக்கக்கூடிய தொகையில் ஏறத்தாழ 70 வீதமே. அவர்களுட் சிலரை லொஸ் ஏஞ்சல்ஸ் பல்கலைக்கழக மருத்துவர் தொடர்ந்து அவதானித்து 1984இல் எழுதினர். ஆறு மாதங்களில் உயர் குருதியமுக்க நோயாளரின் கீழ் அளவு சராசரியாகப் பத்து மில்லிமீற்றரால் ஏறியிருந்தது. ஒரு வரவு செலவுத்திட்டம் மனிதக் குருதிக்குழாயில் அளக்கப்பட்ட அரிய தருணம் இது. 1601இல் ஊர்ச்சபையிடம் இருந்த வறியவர் 1982இல் மீண்டும் ஊர்ச்சபையிடம் போய்ச் சேர்ந்தார்.

5

ஒறிகன் மாநிலத்தின் வரலாறு தனியே எடுத்துரைக்கத்தக்கது. 1987இல் அம்மாநில சட்டசபை உறுப்பு மாற்றுச் சிகிச்சைகளுக்கான பணத்தை நிறுத்தியது. மீதமாகும் பணத்தை அதிகம் பேருக்கு, சிறப்பாகக் கர்ப்பிணிகளுக்கு, பயன்படுத்தலாம் என்பது வாதம். அவ்வாண்டு டிசெம்பரில் இரத்தப் புற்றுநோய் கொண்ட ஏழு வயதுச் சிறுவனொருவன் இறந்தான். என்பு மச்சை மாற்றுச் சிகிச்சைக்காக அயலவர் ஒரு இலட்சம் டொலர் திரட்டிக்கொண்டிருந்தனர்; திரட்டி முடியவில்லை.

மருத்துவரும் மாநில செனற் சபைத் தலைவருமான ஜோன் கிட்ஸ்ஹாபர் இதிலிருந்து வேறொரு முடிவுக்கு வந்தார். ஆட்களை வெட்டுவதைவிடச் சிகிச்சைகளை வெட்டுவது நேர்மையானது என்றார். சிகிச்சைகள் யாவற்றையும் பயனடிப்படையில் வரிசைப்படுத்தி, பணம் எங்கு முடிகின்றதோ அங்கே கோடு இழுப்பது அவரது திட்டம். 1990இல் வெளியான முதற் பட்டியலிற் பல்லுக்கு உறையிடுதல் குடல்வாலை அகற்றும் சிகிச்சைக்கு மேலே இருந்தது, எல்லோரும் நகைத்தனர். திருத்தப்பட்ட 1991ஆம் ஆண்டுப் பட்டியலில் 709 இனங்கள்; அவற்றுள் 587க்குப் பணம் ஒதுக்கப்பட்டது. திட்டம் 1994இல் நடைமுறைக்கு வந்தது.

இம்முயற்சியை இகழ்ந்து தள்ளுவது எளிது. நம்மிற் சிலர் அவ்வாறே செய்துள்ளனர். ஆயின் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பிற மாநிலங்கள் இருளில் வெட்டியதை ஒறிகன் வெளிச்சத்திற் செய்ய முனைந்தது, வெட்டைப் பொதுவிவாதத்துக்குரியதாக்கியது. அதன் குறை வேறிடத்திலுள்ளது. கோட்டின் மேலே எது, கீழே எது என்பது பற்றி ஊர்தோறும் கூட்டங்கள் நடந்தன. கோடு ஏன் அவ்விடத்தில் விழுகின்றது என்பது பற்றிப் பட்டியல் எதுவும் கூறவில்லை. பணத்தின் அளவு தரப்பட்டதொன்று. பிணிகளின் வரிசை மட்டுமே ஆராயத்தக்கது. கணக்காளனின் எல்லைக்குள் நிகழ்ந்த சனநாயகம் அது.

அவ்வெல்லை எத்தகையதென்பது 2003இல் தெளிவாயிற்று. பொருளாதாரம் சரிந்தது. வரியை உயர்த்தும் இரு பிரேரணைகளை ஒறிகன் வாக்காளர் 2003 சனவரியிலும் 2004 பெப்ரவரியிலும் நிராகரித்தனர். வறிய வயதுவந்தோர் மாதாந்தக் கட்டணம் செலுத்தவேண்டுமெனவும் தவறினால் நீக்கப்படுவரெனவும் விதிக்கப்பட்டது. சுமார் ஒரு இலட்சம் பேர் இருந்த பிரிவு ஓராண்டினுள் ஏறத்தாழப் பாதியாகிற்று. 2004இற் புதிய சேர்க்கை நிறுத்தப்பட்டது. 2008இல் ஒரு சில ஆயிரம் இடங்கள் மீண்டும் திறக்கப்பட்டபோது ஏறத்தாழ 90,000 பேர் பெயர் கொடுத்தனர். மாநிலம் லொத்தர் முறையில் அவர்களைத் தெரிவு செய்தது.

பயன், முன்னுரிமை என்ற கணக்கிலே தொடங்கிய திட்டம் திருவுளச்சீட்டில் முடிந்தது. பல்கலைக்கழக ஆய்வாளருக்கோ இது பெரும் வாய்ப்பாயிற்று. சீட்டு விழுந்தோரையும் விழாதோரையும் ஒப்பிட்டு அவர்கள் எழுதிய கட்டுரைகள் புகழ்பெற்றவை. காப்புறுதி பெற்றோரின் கடன் சுமையும் மனச்சோர்வும் குறைந்தன; மருத்துவரை நாடுதல் கூடியது; குருதியமுக்கம் போன்ற அளவீடுகளில் இரண்டாண்டுகளிற் தெளிவான மாற்றம் காணப்படவில்லை. கடைசியாகக் கூறியதை மட்டும் மேற்கோள் காட்டித் திட்டமே பயனற்றது என வாதிட்டோரும் உளர். முறையியலின் நுட்பத்தை நாம் குறைத்து மதிக்கவில்லை. எனினும் அப்பரிசோதனைக் கூடத்தை அமைத்தது விஞ்ஞானமன்று, வரி செலுத்த மறுத்த வாக்கு என்பது அக்கட்டுரைகளின் அடிக்குறிப்புகளுள் ஒதுங்கிவிடுகின்றது.

6

1973இல் ஜேம்ஸ் ஓ’கொனர் ‘அரசின் நிதி நெருக்கடி’ என்னும் நூலை வெளியிட்டார். முதலாளித்துவ அரசு மூலதனத் திரட்சிக்கும் உதவவேண்டும், மக்களின் இசைவையும் பெறவேண்டும். இரண்டுக்குமான செலவு பெருகுகின்றது, இலாபமோ தனியாருக்குச் செல்கின்றது. இடைவெளியே நெருக்கடி என்பது அவரது வாதம். நமது வட்டாரங்களில் மெடிக்கெயிட் வெட்டுகளை விளக்க இதுவே போதுமெனக் கருதப்படுகின்றது. நாம் அவ்வாறு கருதவில்லை. இதனை மட்டுங்கொண்டு நோக்கின், ஒரே நெருக்கடியில் ஒரு மாநிலம் வெட்ட இன்னொன்று வெட்டாதது ஏன் என்பது விளங்காது.

ஒரு சோதனையை எடுத்துக்கொள்வோம். 2010ஆம் ஆண்டின் சட்டம் வறுமைக்கோட்டின் 138 வீதம் வரை வருமானமுள்ள வயதுவந்தோர் அனைவரையும் மெடிக்கெயிட்டினுட் சேர்த்தது. 2014 முதல் 2016 வரை அவர்களுக்கான செலவு முழுவதையும் சமஷ்டி அரசே ஏற்கும். அதன்பின் படிப்படியாக 2020இல் 90 வீதம். 2012இல் உயர் நீதிமன்றம் இதனை மாநிலங்களின் விருப்பத்துக்கு விட்டது. பற்றாக்குறையே தடையாயின், முழுச்செலவையும் பிறர் ஏற்கும்போது எந்த மாநிலமும் மறுத்திருக்கக் கூடாது. பல மாநிலங்கள் மறுத்தன. 2025இன் இறுதியிலும் பத்து மாநிலங்கள் வெளியே நின்றன. அவற்றுள் ஏழு, 1860 - 1861இற் பிரிந்து சென்ற பதினொரு அடிமை மாநிலங்களைச் சேர்ந்தவை. நிதிநிலை அறிக்கையிற் காணமுடியாத கணக்கொன்று இங்கு தொழிற்படுகின்றது. தோட்டச் சமுதாயத்தின் உழைப்புறவுகளும் நிற ஒடுக்குமுறையும் நிவாரணத்தின் அளவைத் தீர்மானித்த மரபு அது.

எதிர்ப்புறமாக அரிசோனாவை நோக்குக. மெடிக்கெயிட்டில் கடைசியாக, 1982இல், இணைந்த மாநிலம் அது. வறியோரின் மருத்துவச் சுமையைத் தாங்க முடியாத மாவட்டங்கள் நெருக்கியமையே காரணம். 2010 ஒக்டோபரில் ஆளுநர் ஜான் பிறூவரின் அரசாங்கம் சில உறுப்பு மாற்றுச் சிகிச்சைகளை நிறுத்தியது. உறுப்புக்காகக் காத்திருந்த ஏறத்தாழ நூறு பேர் பாதிக்கப்பட்டனர். நாடெங்கும் எழுந்த கண்டனத்தின் பின் 2011 ஏப்பிரலில் அவை மீள வழங்கப்பட்டன. அதே ஆளுநர் 2013இல் தமது கட்சியினரையே எதிர்த்து மெடிக்கெயிட்டை விரிவாக்கினார். மனமாற்றம் எனச் சிலர் எழுதினர். பணம் செலுத்தவியலாத நோயாளரால் இழப்புற்ற வைத்தியசாலைகள் விரிவாக்கத்தைக் கோரின. மாநிலத்தின் பங்குக்காகத் தம்மீதே வரி விதிக்கவும் உடன்பட்டன என்பதே உண்மை. அவ்வரியைக் காட்டிச் சமஷ்டிப் பணத்தைப் பெற்றுத் தாம் செலுத்தியதிலும் அதிகமாகத் திரும்பப் பெறும் உபாயம் 1980களின் நடுப்பகுதியிலிருந்தே மாநிலங்கள் அறிந்ததுதான். காங்கிரஸ் 1991இல் அதற்கு வரம்பிட்டது, முற்றாக ஒழிக்கவில்லை. வறியோரின் மருத்துவத்தைக் காப்பாற்றிய சக்திகளுள் வைத்தியசாலை மூலதனமும் முதியோர் பராமரிப்பு இல்லங்களின் உடைமையாளரும் முன்னணியில் நின்றனர். இது நமக்கு உவப்பான முடிவன்று. ஆயினும் மறைக்கத்தக்கதுமன்று.

டெனசியிலோ அத்தகைய காப்பு போதவில்லை. சனநாயகக் கட்சி ஆளுநர் பிறெடெசன் 2005இல் சுமார் 1,70,000 வயதுவந்தோரை நீக்கினார். நீக்கப்பட்டோர் காப்புறுதி தரும் வேலைகளைத் தேடி ஓடினர் என்று 2014இல் வெளியான ஓர் ஆய்வு கூறிற்று. பின்வந்த சிலர் அம்முடிவை ஏற்கவில்லை. முடிவு சரியோ பிழையோ, மருந்தை நிறுத்தினால் உழைப்புச் சந்தை நிரம்பும் என்பதை ஆய்வாளர் திட்டத்தின் ஒரு விளைவாக அமைதியாகக் குறித்துக்கொண்டமை கவனத்துக்குரியது.

7

பற்றாக்குறைக் காலத்திற் சமஷ்டி அரசு கைகொடுக்க முடியாதா? கொடுத்ததுண்டு. 2003இல் ஐந்து காலாண்டுகளுக்குப் பங்கு 2.95 வீதப் புள்ளிகளால் உயர்த்தப்பட்டது. 2009இல் 6.2 புள்ளிகளும் வேலையின்மை மிகுந்த மாநிலங்களுக்கு மேலும் கூடுதலாகவும் வழங்கப்பட்டது. தகுதியை இறுக்கக்கூடாது என்பது நிபந்தனை. ஆட்களை நீக்க முடியாத மாநிலங்கள் சேவைகளை நீக்கின. மருத்துவருக்கான கொடுப்பனவைக் குறைத்தன. கலிபோர்ணியா 2009 யூலையில் வயதுவந்தோரின் பல் மருத்துவத்திற் பெரும்பகுதியை நிறுத்தியது. பல்வலியுடன் அவசர சிகிச்சைப் பிரிவுகளை நாடியோர் தொகை உயர்ந்தது. 2014இல் ஒரு பகுதி மீண்டது. மீதி 2018இலேயே மீண்டது. ஒன்பது ஆண்டுகளிற் பல்லுக்கு நேர்வதென்ன என்பதை விளக்கத் தேவையில்லை. சமஷ்டிச் சட்டப்படி வயதுவந்தோரின் பல் ‘விருப்பத்துக்குரிய’ சேவை. விருப்பம் யாருடையது?

2020இற் கொள்ளைநோயின்போது மீண்டும் 6.2 புள்ளிகள், இம்முறை நிபந்தனை கடுமையானது: எவரையும் நீக்கக்கூடாது. சேர்ந்திருந்தோர் தொகை ஏறத்தாழ 71 மில்லியனிலிருந்து 2023 ஏப்பிரல் அளவில் 94 மில்லியனாயிற்று. வறியோரின் வருமானம் மாதந்தோறும் ஏறியிறங்கினும் காப்புறுதி அறுபடாதிருந்த மூன்றாண்டுகள் அவை. நிபந்தனை நீங்கியதும் 25 மில்லியனுக்கு மேற்பட்டோர் நீக்கப்பட்டனர். அவர்களில் ஏறத்தாழ 69 வீதத்தினர் தகுதியிழந்தவர் என நிறுவப்பட்டவரல்லர். படிவம் திரும்பிவரவில்லை, முகவரி மாறிவிட்டது என்பன போன்ற காரணங்களால் நீக்கப்பட்டவர்.

2025 யூலை 4இல் நிறைவேறிய சட்டம் பத்தாண்டுகளில் மெடிக்கெயிட்டுக்கான சமஷ்டிச் செலவை 900 பில்லியன் டொலருக்கு மேற் குறைக்குமெனக் காங்கிரஸின் வரவு செலவு அலுவலகம் கணித்தது. அதே சட்டம் வருமான வரிக் குறைப்புகளை நிரந்தரமாக்கியது. ஒரே ஏட்டின் இரு பக்கங்கள். வைத்தியசாலை வரி என்னும் உபாயத்துக்கும் அது கடிவாளமிட்டது. அவ்வாண்டில் 12 பில்லியன் டொலர் பற்றாக்குறையை அறிவித்த கலிபோர்ணியா, குடியேற்ற ஆவணமற்ற வயதுவந்தோரின் புதிய சேர்க்கையை 2026 சனவரியிலிருந்து நிறுத்துவதென முடிவு செய்தது. தோட்டங்களிற் பழம் பறிப்போரும் சமையலறைகளிற் கலங் கழுவுவோரும் அவர்களே. 1935இல் விலக்கப்பட்டோரின் தொழில்களை இவ்விடத்தில் நினைவுகூரலாம்.

புதிய சட்டத்தின் இன்னொரு விதி, 2010ஆம் ஆண்டின் விரிவாக்கத்தால் உட்சேர்ந்த வயதுவந்தோர் மாதம் 80 மணிநேரம் உழைத்ததாக, அல்லது கற்றதாகவோ தொண்டு செய்ததாகவோ, காட்டவேண்டும் என்பது. 2027 சனவரி தொடக்கத்தினுள் மாநிலங்கள் அதனை நடைமுறைப்படுத்தவேண்டும். இவ்விதி புதியதன்று. ஆர்க்கன்சோ 2018இல் இதே மணிக்கணக்கை விதித்தது; நீதிமன்றம் 2019 மார்ச்சில் தடுப்பதற்குள் 18,000க்கு மேற்பட்டோர் காப்புறுதியை இழந்தனர். அவர்களுட் பலர் உழைத்துக்கொண்டிருந்தவர்களே. உழைத்த மணிநேரத்தைத் தொடக்கத்திற் கணினி வலைத்தளமொன்றின் வழியாக மட்டுமே பதியலாம் என விதிக்கப்பட்டிருந்தது. அவ்வலைத்தளம் ஒவ்வோர் இரவும் ஒன்பது மணிக்கு மூடப்பட்டு மறுநாட் காலை ஏழு மணிக்கே திறக்கப்பட்டது.